வேலியில்லா வயல்கள்

கிராம சரித்திரம் என்றதும் இடிந்த கோட்டையையும் சிதைந்த கல்வெட்டையும் தேடிப் புறப்படுவது நம்மவர் வழக்கம். இங்கிலாந்தின் நடுப்பகுதியிலே, ராபின் ஹூட் கதைகளில் வரும் ஷெர்வுட் காட்டுக்கு அண்மையில், நாட்டிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த லாக்ஸ்டன் என்னும் சிற்றூரிலும் நார்மானியர் எழுப்பிய கோட்டைமேடு ஒன்று உண்டு. 1086-ஆம் ஆண்டின் நிலக்கணக்கிலும் அவ்வூரின் பெயர் பதிவாகியிருக்கிறது. ஆயினும், அந்த மேட்டின்மேல் நின்று பொழுதைப் போக்காமல், ஊரைச் சூழ்ந்த வயல்களில் இறங்கி நடப்பவருக்கே அவ்வூரின் மெய்யான சரித்திரம் புலப்படும் என்பது என் அபிப்பிராயம்.

மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என அங்கே மூன்று பெருவயல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நீண்டு ஒடுங்கிய பட்டைகளாகப் பகுக்கப்பட்டு, ஒரு குடியானவருக்குரிய பட்டைகள் ஓரிடத்தில் சேராமல் மூன்று வயல்களிலும் சிதறிக் கிடக்கின்றன. நடுவே வேலி என்பதே கிடையாது. ஒரு வயலில் குளிர்காலத்துக்கு முன் விதைத்த கோதுமை, மற்றொன்றில் வசந்தத்தில் விதைக்கும் பயிர், மூன்றாவது தரிசு என்று ஆண்டுதோறும் முறை சுழன்று வரும். நல்ல மண்ணும் மெலிந்த மண்ணும் எல்லோருக்கும் பங்காகப் பட்டைகளின் இச்சிதறல் வழிசெய்தது. பட்டைகள் நீளமாக அமைந்தமைக்கு, 1938-இல் இவ்வயல்களைப் பற்றி நூல் எழுதிய ஆர்வின் தம்பதிகள் உழவின் சௌகரியத்தையே காரணமாகக் காட்டினர். கனத்த கலப்பையை அடிக்கடி திருப்புவதிலுள்ள சிரமத்தை நம் உழவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வேலியில்லாத இடத்தில் அண்டை நிலத்தை ஒரு சால் தள்ளி உழுதுவிடும் சபலம் மனிதருக்கு இயல்பு. எந்த தேசத்திலும் இதற்கு விலக்கில்லை. ஆகவே, நவம்பர் மாதக் கடைசியில், கோதுமை விதைத்த வயலை ஊர்க் குடியானவர்களே அடங்கிய ஜூரிகள் குளிரையும் சேற்றையும் பொருட்படுத்தாமல் சுற்றிவந்து, எல்லைகளை அளந்து, முளைக்குச்சிகளை அடித்து, பொதுப் பாதையையோ உழவுக்கு ஆகாத புல்தரையையோ கலப்பையால் அரித்தவர் யாரென்று குறித்துக்கொள்கின்றனர். அப்புல்தரைகளின் விளைவு, பொதுச் சொத்தாகையால், ஆண்டுதோறும் ஏலம் விடப்படுகிறது. ஜூரிகள் பார்வையிட்ட மறு வாரத்தில், ஊர்ச் சத்திரத்தில் கூடும் பண்ணைச் சபை குற்றவாளிகளுக்கு அபராதம் விதிக்கிறது. தொகை அற்பமே, ஆனால் அண்டை அயலார் முன்னிலையில் பெயர் வாசிக்கப்படுவது அற்பமன்று.

நாடெங்கும் இத்தகைய வயல்கள் வேலியடைக்கப்பட்டு மறைந்தபோது லாக்ஸ்டன் மாத்திரம் எவ்வாறு தப்பியது? முன்னோரிடம் கொண்ட பக்தியால் என்று சொல்ல ஆசைதான். ஆனால், பெரும்பங்கு நிலத்துக்கு உரிய இரு பிரபுக் குடும்பங்கள் தம்முள் ஒத்துப்போகாமையும், வேலியடைப்பதற்கு ஆகும் செலவுமே முக்கிய காரணங்கள் என்பர். சோம்பலும் பிணக்கும் காத்துக்கொடுத்த பொக்கிஷங்கள் உலகில் இன்னும் எத்தனையோ!

அவ்வயல்களின் பழைய தோற்றத்தைக் காண விரும்புவோருக்கு, ஊர் முழுவதையும் பட்டை பட்டையாகக் காட்டி, உழுகிறவரையும் அறுக்கிறவரையும் சிறு சித்திரங்களாகத் தீட்டிய 1635-ஆம் ஆண்டின் வரைபடம் ஒன்று ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. அதை வரைந்தவர் மார்க் பியர்ஸ்.

பின்னர், 1952-இல், அவ்விரு குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்த மான்வர்ஸ் பிரபுவிடமிருந்து இங்கிலாந்தின் விவசாய இலாகா லாக்ஸ்டன் நிலத்தை வாங்கியது. 1981-இல் அது அரச சொத்து நிர்வாகத்தின் கைக்கு மாறி, 2020-இல் பழைய பிரபுக் குடும்பத்தின் தோர்ஸ்பி பண்ணைக்கே திரும்பியது. இதற்கிடையில், 1977-இல் புராதன ஊர்ச் சபைகளின் நீதி அதிகாரத்தை ஒரு சட்டத்தால் ரத்துசெய்த பார்லிமெண்டு, லாக்ஸ்டன் சபையை அதனின்றும் விலக்கிவைத்தது. ஆகையால் பொதுப் பாதையில் ஒரு சால் கூட்டி உழுதவருக்கு அச்சத்திரத்தில் விதிக்கப்படும் சில்லறை அபராதம் வெறும் சம்பிரதாயமன்று. சட்டப்படி அதைக் கட்டியே ஆகவேண்டும்.