வந்தவரை வாழ விடுங்கள்!

(தலைப்பு: ‘பல்லாண்டு ஆண்ட மேனேஜர் விடைபெறும்போது, அந்த நாற்காலிக்கு ஏற்றவர் உள்ளே வளர்ந்தவரா? வெளியிலிருந்து வருபவரா?’ – ‘வெளியிலிருந்து வருபவரே’ என்ற அணியில் பேசியது.)

   

எனக்கு முன்னால் பேசிய நண்பர், ‘இந்தம்மாவுக்குக் கால்பந்தைப் பத்தி என்ன தெரியும்?’ என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். ஐயா, எனக்குப் பந்தைப் பத்தித் தெரியாமல் இருக்கலாம். ஆனா இருபத்தஞ்சு வருஷம் ஒருத்தர் ஆண்ட இடத்துல புதுசா ஒருத்தர் போய் நின்னா என்ன பாடுபடுவார் என்பது, கல்யாணமாகி மாமியார் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும்! (சிரிப்பு, கைதட்டல்)

முதலில், பந்து பார்க்காத தாய்மார்களுக்காக ஒரு வார்த்தை. இங்கிலாந்துக் கால்பந்தில் மேனேஜர் என்றால் நம்ம ஊர் பேங்க் மேனேஜர் மாதிரி கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. யார் ஆடணும், யார் வெளியே உட்காரணும், எப்படி ஆடணும் எல்லாம் அவர் முடிவு. ஜெயிச்சா ஆட்டக்காரருக்கு மாலை. தோத்தா மேனேஜருக்கு வேலை போச்சு! அப்படிப்பட்ட நாற்காலியில், மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 நவம்பரிலிருந்து 2013 மே வரை இருந்தார். 38 கோப்பைகள். அவர் வந்தப்போ பிறந்த குழந்தை, அவர் போறப்போ கல்யாணத்துக்கு நின்னுச்சு! லிவர்பூலில் யூர்கன் க்ளாப் 2015 அக்டோபரிலிருந்து 2024 மே வரை இருந்தார்.

அந்தக் க்ளாப்பால்தான் இந்தத் தலைப்பு எங்க வீட்டுக்குள்ளேயே வந்தது. 2024 ஜனவரி 26. நமக்குக் குடியரசு தினம், லீவு. சாயங்காலம் அடுப்படியில் காபி கலந்துக்கிட்டு இருக்கேன். ஹாலில் ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தா, காலேஜ் படிக்கிற என் பையன் கண்ணில் தண்ணி. ‘என்னடா?’ என்றேன். ‘க்ளாப் போறாராம்மா. இந்த சீசனோட சரியாம்’ என்றான். ‘அதுக்கென்னடா, வேற ஒருத்தர் வருவார்’ என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! எங்க மாமியார்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. (சிரிப்பு)

ராத்திரி அவன் நண்பர்கள் நாலு பேர் வந்துட்டாங்க. மொட்டை மாடியில் பட்டிமன்றம். அடுத்தது யார்? நாலு பேரும் ஒரே பேரைச் சொன்னாங்க: சாபி அலோன்சோ. ஏன்? ‘நம்ம ஆளு!’ 2004 முதல் 2009 வரை லிவர்பூலுக்கு ஆடியவர். 2005-ல் ஐரோப்பியக் கோப்பை ஜெயித்த அணியில் இருந்தவர். அப்போ ஜெர்மனியில் லெவர்குசன் அணியை, தோல்வியே தெரியாமல் நடத்திக்கொண்டிருந்தவர். லிவர்பூல் ரசிகர்களில் பெரும்பாலோர் ஆசையும் அதுதான். ‘வீட்டுப் பிள்ளை திரும்பி வரட்டும்.’

மார்ச் கடைசியில் வீட்டுப் பிள்ளை, ‘நான் லெவர்குசனிலேயே இருக்கேன்’ என்று சொல்லிவிட்டார். மாடியில் துக்கம். அப்புறம் ஒரு பேர் வந்தது. நெதர்லாந்தின் ஃபெயனூர்ட் அணியில் இருந்த ஆர்னே ஸ்லாட். என் பையன் கேட்டான்: ‘யாரும்மா அது?’ என்கிட்டயே கேட்கிறான்! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, ‘யார் அது?’ என்ற இந்தக் கேள்வி புதுசு இல்லை. 1996-ல் ஜப்பானில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆர்சென் வெங்கர் லண்டனில் அர்செனல் அணிக்கு வந்தபோது, அந்த ஊர்ப் பத்திரிகையே ‘ஆர்சென்னா யாரு?’ என்று தலைப்புப் போட்டது. அந்த ‘யாரு’தான் 22 சீசன் அங்கே இருந்தார். 2003-04 சீசனில் 38 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

ஃபெர்குசனை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணி நண்பர்கள் அவரை மான்செஸ்டர் மண்ணிலேயே முளைத்தவர் மாதிரி பேசுகிறார்கள். ஸ்காட்லாந்தில் அபர்டீன் அணியிலிருந்து வந்தவர் ஐயா அவர்! வெளியாள்! வந்து மூன்று வருஷம் ஒரு கோப்பையும் இல்லை. 1989 டிசம்பரில் ஒரு ரசிகர், வீட்டுப் பெட்ஷீட்டை எடுத்து, ‘மூணு வருஷமாச் சாக்குப்போக்கு, போய் வாங்க சாமி’ என்கிற அர்த்தத்தில் எழுதி மைதானத்தில் பிடித்தார். நல்லவேளை, நிர்வாகம் அந்தப் பெட்ஷீட்டைப் படித்துத் தீர்ப்பு எழுதவில்லை. 1990-ல் முதல் கோப்பை. 1993-ல் அந்த அணிக்கு 26 வருஷம் கழித்து லீக் பட்டம். 2011-ல் அதே மைதானத்தில் ஒரு பக்கத்துக் கேலரிக்கே அவர் பேர்! இன்றைக்கு நீங்கள் ‘இவர் மாதிரி யார் வருவார்?’ என்று அழுகிறீர்களே, அந்த ‘இவர்’ அன்றைக்கு ஒரு ‘யார் அது’ ஐயா! (பலத்த கைதட்டல்)

எதிரணித் தலைவர் பாப் பெய்ஸ்லியைக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். 1939-ல் லிவர்பூலுக்குள் ஆட்டக்காரராக வந்தவர், 1974-ல் பில் ஷாங்க்லி விலகியபோது தயங்கித் தயங்கி நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்பது வருஷத்தில் ஆறு லீக் பட்டம், மூன்று ஐரோப்பியக் கோப்பை. உள்ளே வளர்ந்தவர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனா அந்த வீட்டை எடுத்துக் கட்டினவர் யார்? 1959-ல் ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து வந்த ஷாங்க்லி. வெளியாள்! அவர் வரும்போது லிவர்பூல் இரண்டாம் டிவிஷனில் கிடந்தது.

இன்னும் கேளுங்கள். 1990-ல் லீக் பட்டம் வாங்கிய லிவர்பூல் அடுத்த பட்டத்துக்கு முப்பது வருஷம் காத்திருந்தது. அந்த முப்பது வருஷத்தில் பழைய கேப்டன் கிரேம் சூனஸ் வந்தார். உள்ளேயே ஊறி வளர்ந்த ராய் எவன்ஸ் வந்தார். லீக் பட்டம் கிடைக்கவில்லை. நடுவில் வெளியாட்களும் வந்தார்கள், அவர்களுக்கும் கிடைக்கவில்லை. நான் மறைக்க மாட்டேன். ஆனா 2020-ல் கடைசியாகப் பூட்டைத் திறந்தது ஜெர்மனியிலிருந்து வந்த க்ளாப்.

உள்ளே வளர்ந்தவருக்கு என்ன கஷ்டம் தெரியுமா? நேற்றைய நட்புதான் இன்றைக்குக் கைவிலங்கு. மான்செஸ்டர் யுனைடெட்டில் ஃபெர்குசனுக்கு முன்னால் ஒரு மலை இருந்தது: மேட் பஸ்பி. 1945-லிருந்து 1969 வரை. 1958-ல் மியூனிக் விமான விபத்தில் தன் பிள்ளைகள் மாதிரி வளர்த்த அணியை இழந்தவர். தானும் சாவின் வாசல்வரை போய் மீண்டு, பத்தே வருஷத்தில் ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் காட்டியவர். அவருக்குப் பிறகு வந்தவர் வில்ஃப் மெக்கின்னஸ். வயசு 31. பக்கா வீட்டுப் பிள்ளை. ஆனா நேற்றுவரை கூட ஆடி, கூடச் சாப்பிட்டு, ‘டேய் வில்ஃப்’ என்று கூப்பிட்டவர்களை இன்றைக்கு ‘நீ வெளியே உட்கார்’ என்று சொல்லணும். பாபி சார்ல்டனுக்கும் அவருக்கும் ஒரே வயசு! பஸ்பியோ அதே கட்டடத்தில் பொது மேலாளராக இருக்கிறார். 1970 டிசம்பரில் மெக்கின்னஸை இறக்கிவிட்டு, பஸ்பியையே கொஞ்ச நாளைக்கு மறுபடி உட்கார வைத்தார்கள். வெளியாளுக்கு அங்கே மச்சானும் இல்லை, பங்காளியும் இல்லை. நமக்குப் பழகிப்போன ஒட்டடை, புதுசா வர்ற மருமகள் கண்ணில்தானே முதலில் படும்?

உடனே எதிரணி நண்பர் கேட்பார், ‘அப்போ டேவிட் மோய்ஸ்?’ கேளுங்கள், சொல்கிறேன். எவர்ட்டன் அணியில் பதினோரு வருஷம் இருந்தவர். 2013-ல் ஃபெர்குசனே கைகாட்டி வந்தவர். மாமியாரே பார்த்துக் கட்டி வைத்த மருமகள்! ஆறு வருஷ ஒப்பந்தம். பத்து மாசத்தில் அனுப்பிவிட்டார்கள். அவர் பக்கமும் தப்பு உண்டு. வந்ததும் பழைய உதவியாளர்கள் போனார்கள். தன் ஆட்களைக் கொண்டுவந்தார். வந்த அன்றைக்கே மாமியாரோட அஞ்சறைப்பெட்டியை மாத்தினா வீடு தாங்குமா? (சிரிப்பு)

ஆனா அந்த மனுஷன் நின்ற இடத்தையும் பாருங்கள். எதிரே தெரிகிற கேலரிக்குப் பேர் ஃபெர்குசன். வெளியே நிற்கிற சிலை ஃபெர்குசன். மேலே இயக்குநர் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் சாட்சாத் ஃபெர்குசன்! எதிரணி கோல் போட்டால், கேமரா நேரே அவர் முகத்தைத் தேடிப் போகும். சாம்பாரில் உப்புக் கூடினால் சமைத்தவளை விட்டுவிட்டு மாமியார் முகத்தைப் பார்ப்பாங்களே, அந்த மாதிரி. அவர் பாவம், சும்மாதான் உட்கார்ந்திருந்தார். அந்தச் சும்மா உட்கார்ந்திருப்பதே பாரம். மோய்ஸ் தோற்றதற்கு அவர் வெளியாளாக இருந்தது காரணம் இல்லை. அவரை இன்னொரு ஃபெர்குசனாக எதிர்பார்த்ததுதான் காரணம்.

இப்போ க்ளாப்பிடம் திரும்பி வருகிறேன். 2024 மே 19. ஆன்ஃபீல்டு மைதானத்தில் அவருக்குக் கடைசி ஆட்டம். அத்தனை ஜனமும் அழுகிறது. மைக்கைக் கையில் வாங்கினவர் தன்னைப் பத்திப் பாடச் சொல்லவில்லை. ஆர்னே ஸ்லாட் பேரை வைத்துத் தானே பாட ஆரம்பித்தார். கூட்டமும் கூடவே பாடியது. புதியவர் அந்த ஊருக்கு வேலைக்கு வருவதற்கு முன்னாலேயே, போகிறவர் அவருக்கு ஆரத்தி எடுத்துவிட்டார்! அடுத்த சீசனில் ஸ்லாட், க்ளாப் விட்டுப்போன அணியைக் கலைக்கவில்லை. ஆனா க்ளாப் மாதிரி நடிக்கவும் இல்லை. அவர் புயல், இவர் நிதானம். 2025 ஏப்ரல் 27 அன்று டாட்டன்ஹாமை 5-1 என்று ஜெயித்து, முதல் வருஷத்திலேயே லீக் பட்டம்! (கைதட்டல்)

அந்தப் பாட்டை டி.வி.யில் பார்த்து என் பையன் அழுதான். நானும் அழுதேன். ‘நீ ஏம்மா அழறே?’ என்றான். அவனுக்குச் சொல்லாததை இந்த மேடையில் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளியில், எனக்கு முன்னால் தமிழ் நடத்தியவர் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர். ‘பெரிய டீச்சர்’ என்றுதான் பேர். நான் போர்டில் எழுதினால், ‘பெரிய டீச்சர் இப்படி எழுத மாட்டாங்க’ என்பாங்க பிள்ளைங்க. செய்யுள் சொன்னால், ‘பெரிய டீச்சர் ராகம் போட்டுச் சொல்வாங்க’ என்பாங்க. நானும் ராகம் போட்டேன். சிரித்தார்கள். அவங்க மாதிரி கையெழுத்துப் பழகினேன். என் கையெழுத்தும் போச்சு. மூணு மாசத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அன்றைக்குப் பென்ஷன் வேலையாகப் பெரிய டீச்சர் பள்ளிக்கு வந்தாங்க. பிள்ளைங்க ஓடிப் போய்க் கையைப் பிடிச்சுக்கிச்சு. அவங்க நேரே என் வகுப்புக்கு வந்தாங்க. எனக்குக் கால் நடுங்குது. நாற்காலியை எடுத்துப் போட்டேன். அவங்க உட்காரலை. கடைசி பெஞ்சில் பிள்ளைகளோட பிள்ளையாகப் போய் உட்கார்ந்தாங்க. நான் என் குரலில், என் வழக்கப்படி பாடம் நடத்தினேன். முடிந்ததும் அவங்க எழுந்து நின்னு, கை கட்டி, ‘டீச்சர், எனக்கு ஒரு சந்தேகம்’ என்றாங்க.

என்னை அந்தப் பள்ளியில் முதன்முதலாக மனசார ‘டீச்சர்’ என்று கூப்பிட்டது அவங்கதான். மறுநாளிலிருந்து பிள்ளைகளும் கூப்பிட்டார்கள். கடிதத்தை அன்றைக்கே கிழித்துப் போட்டேன். (நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே, மணி அடிக்கக் கை போகிறது, முடித்துவிடுகிறேன். வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் கடைசியாக ஒரு எச்சரிக்கை வைக்கிறார். ஆராயாமல் ஒருவரை நம்பினாலும் துன்பம். ஆராய்ந்து நம்பிய பிறகு சந்தேகப்பட்டாலும் துன்பம், அதுவும் தீராத துன்பம் என்கிறார். ஆராயும்வரை சண்டை போடுங்கள். மொட்டை மாடியில் விடிய விடியப் போடுங்கள். ஆள் வந்த பிறகு பெட்ஷீட்டை மடித்துக் கட்டிலில் போடுங்கள்!

போனவரைப் போலவே ஒருத்தர் வேண்டும் என்றால்தான் உள்ளே தேட வேண்டும். அவர் நிழல் அங்கேதான் கிடைக்கும். அணிக்கு நாளைக்கும் ஒரு வாழ்வு வேண்டும் என்றால் வெளியே பாருங்கள். அவர் வரட்டும், அவர் குரலில் பேசட்டும். ஆகவே அந்த நாற்காலிக்கு ஏற்றவர் வெளியிலிருந்து வருபவரே என்று தீர்ப்பு வழங்குமாறு வேண்டுகிறேன்.