தவழும் வயதின் சாப்பாடு

பிள்ளை நடக்கத் தாமதமானால், "அவங்க அப்பாவும் ஒன்றரை வயசுலதான் நடந்தாரு" என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். அதில் உண்மையும் உண்டு. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் நலமான குழந்தைகளைக் கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவின்படி, பிடிப்பின்றி நடக்கும் வயது 8 மாதம் முதல் பதினேழரை மாதம் வரை நீள்கிறது. பிள்ளைத்தமிழ் இலக்கியத்தில் குழந்தையை நடந்து வரச் சொல்லி அழைக்கும் வருகைப் பருவமான 13-ஆம் மாதமும் இதற்குள்தான் அடங்குகிறது. எனவே ஒரு மாதம் முன்னே பின்னே ஆனால் பதற வேண்டியதில்லை. ஆனால் எல்லாவற்றையும் பரம்பரையின் மேல் போட்டுவிட்டு, பிள்ளையின் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடுவது சரியல்ல.

ஊட்டம் போதாத உடல் முதலில் சிக்கனம் பிடிப்பது அசைவில்தான். இருக்கும் கொஞ்ச சக்தியை உயிர் காக்கும் உறுப்புகளுக்கு ஒதுக்கிவிட்டு, உருள்வதையும் தவழ்வதையும் அது குறைத்துக்கொள்கிறது. வைத்த இடத்திலேயே இருக்கும் குழந்தையைச் சமத்து என்று நாம் மெச்சுகிறோம். அது சோர்வாகவும் இருக்கலாம். வயிறு நிறையச் சாப்பிடுகிறதே என்பீர்கள். ரசம் சாதத்திலும் டீயில் நனைத்த பிஸ்கட்டிலும் வயிறு நிறையும், இரும்புச்சத்து சேராது. தசைக்கு ஆக்சிஜன் கொண்டுபோகும் ரத்தத்துக்கும், நரம்பைச் சுற்றி வளரும் உறைக்கும் இரும்பு வேண்டும். ஒன்பது, பத்து மாதத்தில் தரையில் கிடக்கும் ஒற்றைப் பொரியை இரண்டு விரலால் கிள்ளி எடுக்கிறதே, அந்த நுணுக்கத்துக்குப் பின்னால் இத்தனை ஏற்பாடும் இருக்கிறது. இரும்பு குறைந்தால் ரத்தசோகை வரும். தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. பாதிக்கும் மேல்!

குறை சாப்பாட்டில் இல்லை, வறுமையில்தான் என்று சிலர் வாதிடலாம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம்தான். ஆனால் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் ஆய்வாளர் சாலி கிராந்தம்-மெக்ரெகர் குழுவினர் அதைச் செய்து பார்த்தார்கள். ஏழைக் குடியிருப்புகளில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை நான்கு பிரிவாக்கினார்கள்: ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு, இன்னொன்றுக்கு வாரந்தோறும் வீடு தேடி வந்து தாயோடு சேர்த்து விளையாட்டு, மூன்றாவதற்கு இரண்டும், நான்காவதற்கு எதுவும் இல்லை. வறுமை எல்லோருக்கும் பொதுவாக இருந்தும், பால்மாவு பெற்றவர்களின் வளர்ச்சி மேம்பட்டது. இரண்டும் பெற்றவர்கள் எல்லோரையும் முந்தினார்கள். 1991-இல் முடிவு வெளியானது. பின்னாளில் அதே பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தபோது, உணவு தந்த பலன் மங்கி, விளையாட்டின் பலன் நிலைத்திருந்தது. அப்படியானால் உணவு எதற்கு என்று இதைத் திருப்பிக் கேட்பது தவறு. சோர்ந்த பிள்ளை விளையாட வராது. விளையாட்டுக்கு ஆள் இல்லாத பிள்ளைக்கு ஊட்டம் மட்டும் போதாது.

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு பருப்பு, கீரை, முட்டை என்று குழைத்துக் கொடுக்கத் தொடங்குங்கள். அங்கன்வாடி சத்துமாவு வீட்டில் எல்லோருக்கும் பங்காகிவிடாமல் பிள்ளைக்கே போகட்டும். இடுப்பிலிருந்து இறக்கித் தரையில் விடுங்கள். 18 மாதமாகியும் நடக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.