மாமா என்றால் யார்?

(நமது கிளையின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பு 'மாமா' என்று செயலாளர் அறிவித்ததுமே பின்வரிசையில் ஒரு சிரிப்பு கேட்டது. சினிமாக்காரர்கள் அந்த வார்த்தைக்குக் கொடுத்திருக்கும் அர்த்தம் ஞாபகத்துக்கு வந்திருக்கும். அதை விட்டுவிடுவோம். மிச்சமிருக்கும் அர்த்தங்களே இந்த அரைமணி நேரத்துக்குத் தாராளம்.

கொரியாவில் அப்பாவை 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஆகவே தமிழும் கொரிய மொழியும் ஒரு தாய்க் குழந்தைகள் என்று ஒரு செய்தி வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் அங்கத்தினர்களில் பாதிப்பேருக்காவது வந்திருக்கும். படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் இந்த ரீதியில் போனால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு 'மாமா'வையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

சீன மொழியில் 'மாமா' என்றால் அம்மா. கிழக்கு ஆப்பிரிக்காவின் ஸ்வாஹிலியிலும் அம்மாதான். அங்கே ஒரு பெண்மணியை மரியாதையாகக் கூப்பிடுவதற்கும் அந்த வார்த்தையே. பிள்ளையின் பெயரைச் சேர்த்து, இன்னாருடைய மாமா என்பார்கள். இதுவரை சரி. காகஸஸ் மலைப் பக்கத்தில் இருக்கும் ஜார்ஜியாவுக்குப் போனால் கதை தலைகீழ். அங்கே 'மாமா' என்றால் அப்பா. அம்மாவுக்குப் பெயர் 'தெதா'. தலைநகர் திபிலிஸியில் குன்றின் மேல் 1958-ல் ஒரு பெரிய பெண் சிலை வைத்தார்கள். ஒரு கையில் வாள், இன்னொரு கையில் திராட்சை மதுக் கிண்ணம். பகைவனுக்கு அது, விருந்தாளிக்கு இது. 'கார்த்லிஸ் தெதா', அதாவது நாட்டின் அன்னை என்று பெயர். அந்த ஊர்ப் பாதிரியாரையும் 'மாமாவோ' என்றே அழைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் பிட்ஜன்ஜாஜாரா என்ற பழங்குடியினரின் பாஷையிலும் 'மாமா' அப்பாதான். அவர்களுக்கும் ஜார்ஜியர்களுக்கும் எந்தக் காலத்திலும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஜப்பானியத்தின் பழைய 'மாமா'வோ உறவுக்கணக்கிலேயே சேராது. 'உள்ளது உள்ளபடி' என்று பொருள்.

ஒரே ஓசை, அம்மா, அப்பா, உள்ளபடி. இவர்கள் எல்லோரும் ஒரு குடும்பம் என்றால் குடும்ப அட்டையில் யார் பெயரை எங்கே எழுதுவது?

இதற்கு நல்ல விளக்கம் சொன்னவர் ரோமன் யாகப்ஸன். ரஷ்யாவில் பிறந்து, ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த மொழியியல் மேதை. உலக மொழிகளில் தாய் தந்தையரைக் குறிக்கும் 1,072 சொற்களை மர்டக் என்ற மானிடவியலாளர் திரட்டி வைத்திருந்தார். அதை வைத்து யாகப்ஸன் எழுதிய கட்டுரை 1960-ல் வெளிவந்தது. தாயைக் குறிக்கும் சொற்களில் 55 சதவீதத்தில் ம, ந போன்ற மெல்லோசைகள் இருந்தன. தந்தையைக் குறிப்பவற்றில் 15 சதவீதம்தான். குழந்தை பால் குடிக்கும்போது வாய் அடைபட்டிருக்கும், மூக்கு மட்டும் திறந்திருக்கும். அப்போது வரக்கூடிய முனகல் 'ம்ம்'தான். பிறகு பசித்தாலும் அதே முனகல். அருகில் இருக்கும் பெரியவர்கள், 'என்னைத்தான் கூப்பிடுகிறது' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அனேகமாக அம்மா எடுத்துக்கொள்வாள். சில ஊர்களில் அப்பா முந்திக்கொண்டுவிட்டார்!

ஆக, ஓசை குழந்தை கொடுத்தது. அர்த்தம் வீட்டார் கொடுத்தது. ஆகவே இந்த மாதிரிச் சொற்களை வைத்து இரண்டு பாஷைகளுக்குச் சம்பந்தம் பேசக் கூடாது என்பது என் அபிப்பிராயம். சம்பந்தம் பேச வேறு வழி இருக்கிறது. 1816-ல் சென்னையில் எல்லிஸ் என்ற அதிகாரி தமிழ், தெலுங்கு, கன்னடச் சொற்களை வேர்வேராக வரிசைப்படுத்தி, இவை தனிக் குடும்பம் என்று காட்டினாரே, அப்படி. 'அப்பா' ஒன்றை வைத்து அல்ல.

இனி நம் தேசத்துக்கு வருவோம். வங்காளத்திலிருந்து குஜராத் வரை 'மாமா' என்றால் அம்மாவின் சகோதரர். வங்காளிக் குழந்தைக்கு அன்னப்பிராசனத்தில் முதல் சோறு ஊட்டுகிறவர் மாமா. மார்வாடிக் கல்யாணத்தில் 'மாய்ரா' என்ற சீரைக் கொண்டுவருகிறவர் மாமா. நம் கல்யாணத்தில் மாலை மாற்றும்போது தோளில் தூக்குகிறவரும் அவரே. (முதுகு வலியைக் காரணம் சொல்லி நழுவும் மாமாக்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள்.)

வித்தியாசம் எங்கே? நான் லக்னோவில் வேலை பார்த்தபோது மாமனார் வந்திருந்தார். பக்கத்து வீட்டு சர்மாஜியிடம் 'இவர் என் மாமா' என்று அறிமுகம் செய்தேன். 'உன் மனைவி யார்?' என்றார். 'இவருடைய பெண்' என்றேன். மனிதர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்! ஹிந்தியில் மாமா பெண் 'மமேரீ பஹன்', சகோதரி. எங்களுக்குள் ரத்த உறவு எதுவும் கிடையாது, மரியாதைக்கு அப்படி அழைக்கிறோம் என்று விளக்கிச் சொல்ல ஒரு சாயங்காலம் ஆயிற்று.

அவர் திகைத்ததில் நியாயம் இருக்கிறது. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது தக்ஷிண தேசத்தாரின் தனி வழக்கம் என்று போதாயன தர்மஸூத்திரமே சொல்கிறது. அந்தந்த தேச வழக்கம் அந்தந்த தேசத்துக்குப் பிரமாணம் என்று சொல்லிவிட்டு, கௌதமர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றும் குறிக்கிறது. அந்த வாதம் அன்றே உண்டு! 1955-ஆம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டமும் இப்படிப்பட்ட நெருங்கிய உறவுத் திருமணத்தைத் தடுத்துவிட்டு, வழக்கம் இருந்தால் விலக்கு என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மராட்டியர் நமக்கும் வடக்கத்தியருக்கும் நடுவில். அங்கே பழைய நாள் மருமகள்கள் மாமனாரை 'மாமஞ்சி' என்றும் மாமியாரை 'ஆத்யாபாய்', அதாவது அத்தை என்றும் அழைப்பது உண்டு. புனே, நாசிக் அன்பர்கள் கேட்டிருப்பீர்கள்.

இப்போது நம்மில் சொந்தத்தில் கல்யாணம் செய்வது மிகவும் குறைந்துவிட்டது. டாக்டர்கள் சொல்லும் காரணம் எல்லோருக்கும் தெரியும், குறைந்தது நல்லதுதான். ஆனால் முன்பின் தெரியாத குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட மாட்டுப்பெண்ணும் மாமனாரை 'மாமா' என்கிறாளே, அந்த ஒரு வார்த்தையில் பழைய வழக்கம் முழுவதும் உட்கார்ந்திருக்கிறது.

அதன் கூடப்பிறந்த வார்த்தைகள்தான் கரைந்துகொண்டிருக்கின்றன. மாமா பிள்ளை அம்மாஞ்சி, மாமா பெண் அம்மங்கா, அத்தை பிள்ளை அத்தான், அத்தை பெண் அத்தங்கா. அம்மாஞ்சி இப்போது அசடு என்ற அர்த்தத்தில் மட்டும் பிழைத்திருக்கிறான், பாவம். தில்லியிலும் மும்பையிலும் வளரும் நம் குழந்தைகளுக்கு இந்த நால்வரும் 'கஸின்'. யார் வழி உறவு என்று கேட்டால் அம்மாவிடம் ஓடுகிறார்கள்.

இந்த நாலு வார்த்தைகளையும் இன்னும் வீட்டில் புழங்குகிறவர்கள் இங்கே இருந்தால், எந்த ஊர்க்காரர், யாரை அப்படி அழைக்கிறீர்கள் என்று இப்போது எழுந்து சொல்லுங்கள். குறித்துக்கொள்ள நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன்.