அந்நிய பாஷை யாருடைய பாஷை?

(வடுகபட்டியில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று இவ்வூரில் நாம் பேச எண்ணி வந்த விஷயம் வேறு. ஆனால் மேடைக்கு வருவதற்குச் சற்று முன் ஒரு வாலிபத் தோழர் நம் கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டு, முகத்தைக்கூடச் சரியாகக் காட்டாமல் கூட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அதைப் படித்த பிறகு, எண்ணி வந்ததை மற்றொரு நாளைக்கு ஒத்திவைத்துவிட்டு இதற்கே பதில் சொல்லுவது என்று முடிவு செய்துகொண்டோம். அவர் பேர் நமக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லப் போவதில்லை.

சீட்டில் கண்ட சங்கதி இதுதான். அவர் சில வருஷ காலம், ஆவி இறங்கி அந்நிய பாஷை பேசுவதாகச் சொல்லும் ஒரு சபையில் இருந்தவர். அவரும் பேசியவர். பிறகு படித்தும் யோசித்தும் நம்பிக்கை போய்விட்டது, சபையை விட்டுவிட்டார். ஆனால் தனியாக இருக்கும்போது முன்போல வாயைத் திறந்தால் அந்தப் பாஷை இன்றைக்கும் சரளமாக வருகிறதாம். அவருடைய தாயார், "ஆவி உன்னை விடவில்லையடா, நீதான் ஓடுகிறாய்" என்று அழுகிறாராம். "கடவுள் இல்லையென்றால் என் நாக்கில் பேசுகிறவர் யார்? நான் அன்று பொய்யனாக இருந்தேனா, இன்று பைத்தியமாகிவிட்டேனா?" என்று கேட்கிறார்.

தோழர்களே! இதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டியதில்லை. கடவுளைப் பற்றிப் பரிகாசமாகப் பேசுவது சுலபம். ஒருவர் தம் வாயைத் தாமே சந்தேகித்துக்கொண்டு இரவில் தூங்காமல் இருப்பது சுலபமல்ல. ஆகவே பொறுமையாகவே பார்ப்போம்.

அந்நிய பாஷை என்பது என்ன என்று தெரியாதவர்கள் இங்கு அநேகர் இருக்கலாம். இயேசு மறைந்து சில நாளைக்குப் பின் பெந்தெகொஸ்தே என்னும் பண்டிகையன்று அவருடைய சீஷர்கள்மேல் ஆவி இறங்கிற்று என்றும், பல தேசத்திலிருந்து வந்திருந்த ஜனங்கள் அவர்கள் பேச்சைத் தங்கள் தங்கள் பாஷையிலேயே கேட்டு ஆச்சரியப்பட்டார்கள் என்றும் அப்போஸ்தலர் நடபடிகளில் எழுதியிருக்கிறது. இதைக் கவனியுங்கள். அங்கே அதிசயம் என்று சொல்லப்பட்டது, கேட்டவர்களுக்குப் புரிந்தது என்பதுதான். இன்று சபைகளில் நடப்பதோ, பேசுகிறவருக்கும் புரியாது, கேட்கிறவருக்கும் புரியாது. பெயர் ஒன்று, சரக்கு வேறு.

பவுல் என்பவர் கொரிந்து பட்டணத்துச் சபைக்கு எழுதிய நிருபத்தில், இப்படிப் பேசுவோர் இரண்டு மூன்று பேருக்கு மேற்படாமல் ஒவ்வொருவராகப் பேச வேண்டும், அர்த்தம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் சபையில் வாயை மூடிக்கொள்ள வேண்டும், எல்லோரும் சேர்ந்து பேசினால் வெளியிலிருந்து வருகிறவன் உங்களைப் பைத்தியம் என்று சொல்ல மாட்டானா என்று கேட்கிறார். ஆகவே இந்தச் சந்தேகத்தை நாம் கண்டுபிடித்ததாகக் கர்வப்பட வேண்டியதில்லை. அவர்கள் வேதத்திலேயே இருக்கிறது.

இது அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் சரியல்ல. நமக்குத் தெற்கே உள்ள மலைகளைத் தாண்டினால் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சீமை. அங்கே கிறிஸ்டியான்பேட்டை என்று ஒரு ஊரை 1840-ல் ஏற்படுத்தினவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்னும் தமிழர். அவர் திருநெல்வேலியில் ரேனியஸ் பாதிரியிடமும், பின்பு குரோவ்ஸ் என்பவரிடமும் பழகினவர். வெள்ளைக்கார மிஷன்களின் சம்பளத்துக்குக் கட்டுப்படாமல் தம் சொந்தப் பொறுப்பில் வேலை செய்தவர். அந்த மட்டும் அவருடைய சுதந்திர புத்தியை நாம் மெச்சவே செய்கிறோம். 1860-ம் வருஷத்தில் அவருடைய கூட்டங்களில் ஜனங்கள் நடுங்கினார்கள், விழுந்தார்கள், தரிசனம் கண்டார்கள், தெரியாத பாஷை பேசினார்கள், அதற்கு அர்த்தமும் சொன்னார்கள் என்று அவருடைய நாட்குறிப்பு கூறுகிறது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்து அசுசா தெருவில் இந்த எழுச்சி நடந்தது 1906-ல். அதற்கு 46 வருஷம் முன்னாலேயே இது நம் பக்கத்தில் நடந்துவிட்டது.

பிறகு இதே எழுப்புதல் மலையாள தேசத்திலும் பரவிற்று. அங்கே பார்ப்பனராகப் பிறந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப் என்பவருடைய கூட்டத்தில், 1881-ல் இயேசு திரும்பி வருவார் என்று ஒரு தீர்க்கதரிசனம் எழுந்தது. நாள் குறித்து ஜனங்களும் காத்திருந்தார்கள். 1881 வந்தது, போயிற்று, வருகிறவர் வரவில்லை. ஏமாந்தோம் என்று ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியதுதானே? அப்படி நடக்கவில்லை. யுயோமயம் என்ற புதுப்பெயரில் ஒரு மதமே ஏற்பட்டது. தப்பு ருஜுவானால் கணக்கன் கணக்கைத் திருத்துகிறான். மதக்காரனோ அர்த்தத்தைத் திருத்துகிறான்.

அதற்கு இன்னொரு உதாரணம் கேளுங்கள். 1901-ல் அமெரிக்காவில் பார்ஹாம் என்ற போதகர், ஆவி இறங்கினால் மிஷனரிகள் பாஷை படிக்க வேண்டிய அவசியமே இல்லை, சீன பாஷையும் இந்திய பாஷைகளும் தாமே வாயில் வந்துவிடும் என்று போதித்தார். இதை நம்பி, அசுசா தெருக் கூட்டத்தைச் சேர்ந்த கார் என்பவர், தமக்கு வங்காளி பாஷை கிடைத்துவிட்டது என்று தம் மனைவியோடு கப்பலேறி 1907 வாக்கில் கல்கத்தாவில் பிரசங்கிக்க முற்பட்டார். வங்காளிகளுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. கடைசியில் இங்கிலீஷில் பேசினார். இவரை நாம் மோசக்காரர் என்று சொல்ல மாட்டோம். மோசக்காரன் கல்கத்தாவுக்குக் கப்பலேற மாட்டான். புரியாத ஊரிலேயே இருந்து பிழைத்துக்கொள்வான். இவர் யோக்கியமாக நம்பினார். அதனால்தான் சோதனைக்குப் போய் அகப்பட்டுக்கொண்டார். ஆனால் இதற்குப் பிறகு என்ன ஆயிற்று? இது பூலோகத்துப் பாஷையல்ல, தேவதூதர் பாஷை, ஜெப பாஷை என்று அர்த்தம் மாறிற்று. தேவதூதர் பாஷைக்கு அகராதி இல்லை. ஆகவே இனி அகப்பட்டுக்கொள்ள வேண்டிய பயமும் இல்லை.

வடுகபட்டித் தோழர்களே! உங்கள் ஊர்ப் பூண்டுச் சந்தையில் மூட்டையைப் பிரிக்காமல், கையில் எடுத்துப் பார்க்காமல், "இது மலைப்பூண்டு, நம்பிக்கையோடு பணத்தைக் கொடு" என்று ஒருவன் சொன்னால் கொடுப்பீர்களா? மலையாளத்திலிருந்து ஒரு வியாபாரி வந்தால், "பூண்டு என்ன விலை?" என்று தமிழில் கேட்க ஒரு வாரத்தில் கற்றுக்கொள்கிறார். சகல பாஷைகளையும் உண்டாக்கினதாகச் சொல்லப்படும் ஆவி, தமிழறியாத ஒரு வெள்ளைக்காரர் வாயில் இந்த மூன்று வார்த்தையைப் பிசகில்லாமல் வைத்துவிட்டால் போதுமே! நாம் இன்றைக்கே வாயை மூடிக்கொள்கிறோம்.

இதைப் படித்தவர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். கனடா தேசத்தில் சாமரின் என்ற மொழி ஆராய்ச்சிக்காரர் பல தேசத்துச் சபைகளில் இப்பேச்சைக் கேட்டு ஆராய்ந்து 1972-ல் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். பேசுகிறவருக்கு ஏற்கெனவே பழக்கமான சப்தங்களே முன்னும் பின்னுமாக மாறி வருகின்றன. பாஷையைப் போன்ற ஓசை இருக்கிறது, பாஷை இல்லை என்பது அவர் முடிவு. அதே வருஷம் கில்டால் என்ற மனோதத்துவ நிபுணரும் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். ஒரே பேச்சைப் பதிவு செய்து, அர்த்தம் சொல்லும் வரம் பெற்றதாகச் சொல்லிக்கொண்ட பலரிடம் தனித்தனியே போட்டுக் காட்டியதில், ஒருவர் சொன்ன அர்த்தத்துக்கும் மற்றவர் சொன்ன அர்த்தத்துக்கும் சம்பந்தமே இல்லை.

கனடாவிலேயே ஸ்பானோஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1986-ல் வெளியிட்ட பரீட்சை நம் வாலிபத் தோழருக்கு மிகவும் வேண்டியது. 60 பேருக்கு இப்பேச்சை ஒரு நிமிஷம் மட்டும் கேட்கச் செய்தார்கள். கேட்டதுமே நூற்றுக்கு 20 பேர் விகிதம் சரளமாகப் பேசிக் காட்டினார்கள். பிறகு அவர்களில் ஒரு பகுதியாருக்கு இரண்டு தடவை பழக்கம் கொடுத்துப் பார்த்ததில், நூற்றுக்கு 70 பேருக்கு அது வந்துவிட்டது. உபவாசமில்லை, ஜெபமில்லை, காத்திருப்புக் கூட்டமில்லை. பழக்கம் ஒன்றே இருந்தது.

அதைவிட மேலான சாட்சி ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவில் டான் பார்க்கர் என்பவர் பல வருஷம் சுவிசேஷப் பிரசங்கியாக இருந்தவர். 1984-ல் தமக்கு நம்பிக்கை போய்விட்டது என்று வெளிப்படையாகச் சொல்லி, அன்றுமுதல் நாஸ்திகப் பிரசாரம் செய்து வருகிறவர். நாஸ்திகனான பிறகும் தம்மால் அந்நிய பாஷை பேச முடிகிறது என்று அவரே எழுதியிருக்கிறார். ஆவி என்று ஒன்று இருந்து அதுதான் பேசுகிறதென்றால், தன்னை இல்லையென்று ஊர் ஊராய்ச் சொல்லுகிறவர் கூப்பிட்ட நேரத்திலெல்லாம் வந்து அவர் நாக்கில் உட்காருமா?

ஆகவே, சீட்டுக் கொடுத்த தோழரே! உம் கேள்விக்குப் பதில் சொல்லுகிறோம். உம் நாக்கில் பேசுகிறவர் நீர்தான். அன்றும் நீர்தான், இன்றும் நீர்தான். அன்று நீர் பொய்யரும் அல்ல, இன்று பைத்தியமும் அல்ல. நடவு வயலில் நம் தாய்மார்கள் குலவை போடுகிறார்களே, அந்த நாக்குச் சுழற்சி எப்படி வந்தது? கூட்டத்தில் நின்று, கேட்டு, வெட்கம் விட்டு, கூடச் சேர்ந்து போட்டதால் வந்தது. வயதான பிறகு நடவுக்குப் போகாவிட்டாலும் குலவை மறப்பதில்லை. நம் பாட்டுக்காரர்கள் தன்னானே, தந்தானே என்று இழுக்கிறார்களே, அதற்கு அர்த்தம் கேட்கிறவன் உண்டா? சைக்கிள் பழகினவன் பத்து வருஷம் கழித்து ஏறினாலும் விழமாட்டான். அதனால் சைக்கிள் தேவதை அவனை விடவில்லை என்று சொல்லுவோமா?

அப்போது அழுகை வந்ததே, மனம் லேசானதே என்று நீர் கேட்கலாம். அது மெய்தான். 2006-ல் அமெரிக்காவில் நியூபெர்க் என்ற வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும் இவ்விதம் பேசும் 5 பெண்களின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். அந்நேரத்தில், காரியங்களை அடக்கி நடத்தும் முன்பக்கத்து மூளையின் வேலை குறைந்திருந்தது. ஆகவே தம்மை மீறிப் பேசியதாக அவர்களுக்குத் தோன்றுவது வேஷமல்ல. ஐந்து பேர் சிறிய தொகைதான். இதைக்கொண்டு எல்லாம் தீர்ந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அனுபவம் மெய்; அதற்குக் கட்டிய காரணம்தான் ருஜுவாகவில்லை என்று மட்டும் சொல்லுகிறோம்.

உமக்குச் சந்தேகமிருந்தால் இன்றிரவே பரீட்சை செய்து பாரும். நீராக ஆரம்பியும், நடுவில் நிறுத்தும், கடிகாரத்தைப் பார்த்து மறுபடி ஆரம்பியும். நீர் சொன்னபடி அது கேட்டால் எஜமானன் யார் என்று விளங்கிவிடும்.

தோழர்களே! பேசுகிறவரால் பெரிய கெடுதல் இல்லை. அர்த்தம் சொல்லுகிறவரிடம்தான் ஆபத்து இருக்கிறது. புரியாத சப்தத்துக்கு, "மருந்து சாப்பிடாதே" என்று அர்த்தம் சொன்னாலும், "இந்தப் பெண்ணைக் கட்டாதே" என்று அர்த்தம் சொன்னாலும், "நிலத்தை விற்றுக் கொடு" என்று அர்த்தம் சொன்னாலும், எதிர்த்துக் கேட்க வழி ஏது? அன்றியும் அந்தப் பாஷை வராதவர்கள் படும் அவமானத்தை எண்ணிப் பாருங்கள். "உன்னிடம் ஏதோ ஒளிந்த பாவம் இருக்கிறது" என்ற சொல்லுக்குப் பயந்து, வராததை வந்ததாகக் காட்டிக்கொண்டு, அந்தப் பொய்யைச் சுமந்து திரிகிறவர்கள் எத்தனை பேரோ!

இதைக் கேட்டு இங்குள்ள இந்துத் தோழர்கள் கை தட்ட வேண்டாம். கோயிலில் அய்யர் சொல்லும் மந்திரம் உங்களுக்குப் புரிகிறதா? கலியாணத்தில் உங்கள் பேரில் அவர் என்ன சொல்லுகிறார் என்று தெரியுமா? அது பாஷைதான், ஆனால் உங்களுக்கு அதுவும் அந்நிய பாஷைதானே! கொடையில் சாமியாடிக் குறி சொல்லுகிறவர் வாக்கைப் பூசாரி விளக்குவதும், சபையில் ஊழியக்காரர் விளக்குவதும் ஒரே தொழில். புரியாததே புனிதம் என்று ஆக்கிவிட்டால், புரிந்ததாகச் சொல்லுகிறவன் எஜமானனாகிவிடுகிறான். எல்லா மதத்திலும் நடக்கும் சூழ்ச்சி இதுதான்.

மற்றொன்றும் நாணயமாகச் சொல்ல வேண்டும். நம் ஜனங்கள் அந்தச் சபைகளுக்கு ஏன் போனார்கள்? தேரடியில் நிற்க விடாதவர்கள் இருந்தார்கள். சபையில் பாயில் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். வீட்டில் வாய் திறக்க விடாத பெண்ணை அங்கே சத்தமிட்டு அழ விட்டார்கள். துக்கத்தைச் சொல்ல இடமில்லாதவர்கள் அர்த்தமில்லாத சப்தத்திலாவது சொல்லிக்கொண்டார்கள். ஆகவே அவர்களைப் பரிகாசம் செய்யும் யோக்கியதை ஜாதியைக் காப்பாற்றுகிறவர்களுக்கு இல்லை. நாம் செய்ய வேண்டியது, அந்தச் சமத்துவத்தையும் ஆறுதலையும் கடவுள் தரகு இல்லாமல், புரிகிற பாஷையில், இந்தத் தெருவிலேயே உண்டாக்குவதுதான்.

கடைசியாக, வாலிபத் தோழரே! உம் தாயாரிடம் சண்டைக்குப் போகாதீர். அவர் அழுவது உம்மிடம் உள்ள அன்பினால். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, இதை நானேதான் பேசுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று தமிழில் சொல்லும். பத்தாயிரம் புரியாத சப்தத்தைவிட அவருக்கு அது அதிக ஆறுதலாயிருக்கும்.

தோழர்களே! நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசித்து, பரீட்சை செய்து, சரியென்று பட்டதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.