எஞ்சின் ஒயில்: தடிப்பா, மெல்லிசா?

(தோட்டத்துச் சாரதிகளுக்கு ஆற்றிய உரை)



லீசிங் கட்டி ஓட்டுற முச்சக்கர வண்டி நின்னா, வீட்டு அடுப்பும் நின்னுபோகும். ராத்திரியில பிரசவ வலி வந்தா, லயத்திலிருந்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதும் அந்த வண்டிதான்.

ஒயில் டப்பாவில் ‘20டபிள்யூ-50’ என்று இருக்கும். முன் இலக்கம் குறைந்தால் குளிரிலும் ஒயில் சீக்கிரம் ஓடும். பின் இலக்கம் கூடினால் 100 பாகை செல்சியஸ் சூட்டிலும் தடிப்பு நிற்கும்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். தை மாதத்து விடியலில் உறைபனி விழும். அப்போது தடித்த ஒயில் எஞ்சினின் மேல்பாகத்துக்கு ஏறச் சுணங்கும். அதுவரை இரும்போடு இரும்பு தேயும். பாரத்தோடு றம்பொடை ஏற்றத்தில் ஏறும்போதோ எஞ்சின் சூடேறி, மெல்லிய ஒயில் தண்ணியாகிப்போகும்.

ஆகவே, “தடிப்பு கூடினா நல்லது” என்ற பேச்சை நம்பாதீர்கள். வண்டியின் கைநூல் சொல்லும் இலக்கத்தையே ஊற்றுங்கள். அதில் இரண்டு மூன்று இருந்தால், நம்ம குளிருக்கு முன் இலக்கம் குறைந்ததை எடுங்கள். பின் இலக்கத்தைக் குறைக்காதீர்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் உறுமவிடாமல் கொஞ்சத் தூரம் மெதுவாக ஓட்டுங்கள். வாரம் ஒருமுறை ஒயில் மட்டம் பாருங்கள்.

பழைய ஒயிலை ஓடையில் ஊற்றாதீர்கள். கீழ் லயத்துப் பிள்ளைகள் குடிக்கிற தண்ணி அது.