பட்டவனிடம் கேட்பது
(மேனாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'வீர விளையாட்டும் நட்பும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பத்து நிமிஷம்தான் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரித்திரம் படித்தவன் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிஷம் என்பது கொஞ்சம் அநியாயம்தான்.

நான் 1974இல் இங்கே சேர்ந்தேன். சாயங்காலமானால் ஆழ்வார்குறிச்சியில் எங்களைக் கடனாநதி மணலில்தான் தேட வேண்டும். நாலைந்து பேர் சிலம்பம் பழகினோம். ஆசான் பக்கத்து ஊர்க்காரர். முதல் மாசம் கம்பைத் தொடவே விடவில்லை. காலடி, காலடி, காலடிதான். பிறகு நெற்றி மட்டத்துக்கு ஒரு மூங்கில் கம்பு. ஆட்டத்துக்கு முன் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, ஆசானைக் கும்பிட்டு, எதிரே நிற்கிறவனையும் கும்பிட வேண்டும்.

அடி விழுந்ததா இல்லையா என்று சந்தேகம் வந்தால் ஆசான் அடித்தவனிடம் கேட்க மாட்டார். வெற்றிலையை மென்றுகொண்டே பட்டவனைப் பார்த்து, "பட்டுட்டாலே?" என்பார். அவன் சொல்வதுதான் தீர்ப்பு.

பல வருஷம் கழித்து ஒரு செய்தி படித்தேன். 1966இல் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்துப் பெர்க்லி நகரில், இடைக்கால ஐரோப்பாவின் மேல் பித்துப் பிடித்த சில இளைஞர்கள் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் பழங்கால உடையில் வாட்போர் நடத்தினார்கள். அது பெரிய சங்கமாக வளர்ந்து பல நாடுகளுக்கும் பரவிவிட்டது. தலைக்கவசமும் கேடயமும் உண்டு. வாள் மட்டும் பிரம்பு. ஆமாம், நம் முதுகு அறிந்த அதே பிரம்பு! ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளக் களத்தில் ஆட்கள் நிற்பார்கள். ஆனால் விழுந்த அடி, நிஜ வாளாக இருந்தால் ஆளைச் சாய்த்திருக்குமா என்று சொல்ல வேண்டியவன் அடி வாங்கியவன்தான். நம்ம ஆசான் எப்போது பெர்க்லிக்குப் போய் வந்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

போரிலும் இப்படி ஒரு முறை இருந்ததா என்று மாணவர்கள் கேட்பார்கள். 'தழிஞ்சி' என்று ஒரு துறை உண்டு. தோற்று ஓடுகிறவன் மேல் ஆயுதம் ஓச்சாமை என்கிறது புறப்பொருள் வெண்பாமாலை. தொல்காப்பியத்தில் அதே சொல்லுக்குப் புண்பட்டவர்களைத் தழுவி ஆதரித்தல் என்று உரை சொல்கிறார்கள். தப்பாகச் சொன்னால் தமிழ்த்துறை நண்பர்கள் சாப்பாட்டு நேரத்தில் திருத்துங்கள்.

ஆனால் ஏட்டில் இருந்ததெல்லாம் களத்தில் நடந்தது என்று நான் பெருமை பேச மாட்டேன். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரிக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக் கொடுத்தவர் சிவகங்கைச் சின்ன மருது. 1801இல் அதே வெல்ஷ் கும்பினிப் படையோடு மருதுவை எதிர்த்து வந்தார். அந்த அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். 1830இல் வெளியான தன் நூலில் வெல்ஷ் தன் ஆசானை மனம் நெகிழ்ந்து எழுதியிருக்கிறார். எழுத மட்டும்தான் முடிந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 1976. பக்கத்துக் கிராமத்தில் கோயில் கொடை. பரிசு ஒரு வேட்டியும் பதினோரு ரூபாயும். கடைசியில் களத்தில் நின்றது நானும் என் அறைத்தோழனும். அவன் கம்பு என் வலது விலாவில் விழுந்தது. சத்தம் எனக்கே கேட்டது. ஆசான் கேட்டார், "பட்டுட்டாலே?"

"படலை, ஆசானே."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. மறுபடி மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு நின்றான். ஆட்டம் தொடர்ந்தது, நான் ஜெயித்தேன். ராத்திரி விடுதியில் சட்டையைக் கழற்ற முடியவில்லை. விலா கன்றிப் போயிருந்தது. அவன்தான் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து தடவிவிட்டான். எப்படிப் பட்டது என்று கேட்கவே இல்லை.

ஆசான் அதற்குப் பிறகும் எனக்குச் சொல்லிக் கொடுத்தார், குறை வைக்கவில்லை. ஆனால் என்னிடம் "பட்டுட்டாலே?" என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. மற்றவர்களிடம் கேட்பார். என் ஆட்டத்தில் தானே எழுந்து வந்து பார்த்துச் சொல்லிவிடுவார். அந்தக் கேள்விக்காக மூன்றாம் வருஷம் முழுக்கக் காத்திருந்தேன். பரீட்சை முடிந்து ஊருக்குப் போகிற வரை வரவில்லை.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இப்போது நடுவர் இருக்கிறார், புள்ளிக் கணக்கு இருக்கிறது. நல்லதுதான். எனக்குப் பிறகு ஆடப்போகிற மாணவ மாணவியரைப் பட்டுதா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

நண்பன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். பெயர் சொன்னால் எழுந்து போய்விடுவான். ஏல, அன்னைக்குப் பட்டுட்டு. வேட்டி எப்பவோ கிழிஞ்சு போச்சு; பதினோரு ரூபாயைப் பந்தியிலே வச்சுத் தாரேன்.

நேரம் தாண்டிவிட்டேன், செயலாளர் மன்னிக்க வேண்டும்.