நோயாளி தரும் இசைவு



பிறரிடம் நாக்கை நீட்டினால் அது பழிப்பு. மருத்துவர் முன் நீட்டினால் அது கீழ்ப்படிதல். பெற்ற தாயிடமும் மறைத்த செய்தியை, முன்பின் அறியாத மருத்துவரிடம் சொல்லிவிடுகிறோம். ஆடையை விலக்கச் சொன்னால் விலக்குகிறோம். இத்தனை உரிமையையும் அவருக்கு நாம் அளிப்பது நோய் ஒன்றன் பொருட்டே.

முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். சரக சம்ஹிதையின் விமான ஸ்தானத்தில், மருத்துவம் பயிலப் புகும் மாணவனுக்கு ஆசான் இடும் கட்டளைகள் உள்ளன. நோயாளியின் இல்லத்திற்குள் அவ்வீட்டார் அறிந்த ஒருவருடன் தலை தாழ்த்திச் செல்லவேண்டும். சொல்லும் மனமும் புலன்களும் நோயாளியின் நலனையன்றி வேறொன்றையும் நாடலாகாது. அங்குக் கண்டதை வெளியே பேசலாகாது. கிரேக்கரான ஹிப்போகிராட்டீஸின் பெயரால் வழங்கும் உறுதிமொழியும் ஏறக்குறைய இதனையே கூறுகிறது. காவற்பொறுப்பு முழுவதும் மருத்துவன் தலையிலேயே சுமத்தப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது.

நம் நாட்டில் 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் வகுத்த ஒழுக்க விதிகள், தொழில்நிலையைத் தவறாகப் பயன்படுத்தி நோயாளியோடு தகாத தொடர்பு கொள்ளும் மருத்துவர்மீது நடவடிக்கைக்கு இடமளிக்கின்றன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்குத் 'தகாத' என்னும் சொல்லில் சிறிது மனக்குறை உண்டு. எது தகாதது என்பதை அது சொல்வதில்லை. நோயாளியும் விரும்பினாரே என்று வாதிப்பவர் உளர். வலியோடும் அச்சத்தோடும் வந்தவர் அவர். தம் அந்தரங்கம் அனைத்தும் அறிந்த ஒருவர் கேட்கும்போது, மறுத்தால் சிகிச்சை என்னாகுமோ என்று எண்ணாதிருப்பாரா? அவ்விருப்பத்தைத் தடையற்ற விருப்பம் என்று கொள்வது எங்ஙனம்?

தீய எண்ணம் சிறிதும் இன்றியே எல்லை மீறப்படுவதும் உண்டு. 1995ஆம் ஆண்டு தில்லியில், மணமாகாத 44 வயதுப் பெண்மணி ஒருவர், வயிற்றினுள் கருவி செலுத்திப் பார்க்கும் சோதனைக்கு இசைந்து மயக்கமருந்து ஏற்றார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த அவருடைய தாயாரிடம் ஒப்புதல் பெற்று, கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மருத்துவர் நல்லெண்ணத்துடனும் நோயாளியின் நன்மை கருதியுமே செயற்பட்டார் என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆயினும், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், அவர் கண்விழிக்கும்வரை காத்திருந்து கேட்டிருக்க வேண்டும்; தாயின் இசைவு மகளின் இசைவாகாது என்று 2008இல் தீர்ப்பளித்தது. மருத்துவர் கட்டணம் பெறலாகாது என்றும், 25,000 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்றும் ஆணையிட்டது. இழப்பை நோக்க அத்தொகை மிகச் சிறிது என்றே எனக்குத் தோன்றுகிறது.